வெங்காயம் உறையாமல் இருக்க

கர்கரலி, வீட்டின் கிழக்குப் பாதி
2017 அக்டோபர் 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா ஒரின்ஷா அவர்களுக்கு,

ஒரே கூரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் தபால் எழுதிக்கொள்வதை எங்கும் கண்டதில்லை என்று தபால்காரி சொல்கிறாள். உங்கள் பெட்டியும் என் பெட்டியும் ஒரே வேலிக்கம்பத்தில் தொங்குகின்றன. அவளுக்கு இதில் வேலையே இல்லை, அபிப்பிராயம் மட்டும் இருக்கிறது. போனில் பேசலாமே என்கிறாள். உங்களோடு போனில் பேசினால் ஒரு தடவை காதில் கேட்கிறது, உடனே பரண் வழியாக மறுபடியும் கேட்கிறது. ஒரே திட்டை இரண்டு முறை வாங்க என்னால் ஆகாது. நேரில் பேசலாம் என்றால், கல்யாண விருந்தில் பெண்ணைப் பெற்ற என்னைத் தாண்டிப் போய், முதல் மரியாதைக்குரியவருக்கு வைக்க வேண்டிய ஆட்டுத்தலையை உங்கள் அண்ணன் முன்னால் வைத்தீர்களே, அன்றிலிருந்து நாம் பேசுவதில்லை. நான் எழுந்து நின்று அந்தத் தலைக்கு வாழ்த்துரை வழங்கியது தவறு என்கிறீர்கள். தலை என் முன்னால் இருந்திருந்தால் உங்கள் அண்ணனுக்கு வழங்கியிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பாதியில் ஓர் அலமாரி நகர்கிறது. சனி ஞாயிறு வந்தால் கட்டாயம் நகர்கிறது. முதலில் இழுபடும் சத்தம், பிறகு சுவரில் ஒரு மோதல், பிறகு அமைதி. சில நாள் பாத்திரங்களும் உடன் வருகின்றன. நடுச்சுவர் நல்ல செங்கல். கட்டட மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், அதில் சத்தம் வராது. பரண்தான் இரண்டு பாதிக்கும் பொது. சத்தம் உங்கள் பக்கம் ஏறி என் பக்கம் இறங்குகிறது.

வேலியோரம் மகள் மர்ஜானைப் பார்த்தபோது கேட்டேன். "என்னம்மா அது சத்தம்?"

"அலமாரிப்பா."

"எங்கதான் வைக்கணுமாம் அத?"

"இன்னும் முடிவாகலப்பா."

சீக்கிரம் முடிவாக வேண்டுகிறேன்.

மற்றபடி என் மகளின் நடத்தையில் நீங்கள் குறை காண முடியாது. நானும் விடமாட்டேன். போன மாதம் கொட்டுகிற மழையில் என் வாசலில் வந்து நின்றாள். அவசரத்தில் காலணிகூடப் போடவில்லை, காலுறையோடு வந்திருக்கிறாள். "என்னடி?" என்றேன். உங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "உப்பு வேணும்பா" என்றாள். "கல்யாணமாகி வருஷம் திரும்பல, அதுக்குள்ள பொறந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா உன் மாமியார் என்னை வேகவெச்சுத் தின்னுடுவாங்க. அங்கேயே நில்லு" என்று சொல்லி உப்பை ஜன்னல் வழியாகக் கொடுத்தனுப்பினேன். வழக்கத்தை இந்த ஊரில் இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடிக்கும் குடும்பம் வேறு இருக்கிறதா?

தங்கள் அண்டைவீட்டான்,
ஜுமாதில்


மேற்குப் பாதி
அக்டோபர் 6

சம்பந்தி ஜுமாதில்,

நான் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள். உங்களைப்போல் சுற்றிவளைத்து எழுத வராது.

அலமாரிக்கு மன்னிக்க வேண்டும். சுரங்கத்தில் முழங்கால் போனதிலிருந்து என் மகன் சயாத் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்தே இருப்பவனுக்கு எந்தச் சாமானும் இருந்த இடத்தில் பிடிப்பதில்லை.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, வேறு ஆளில்லை. கிடேரியை விற்றுக் கல் பஞ்சு வாங்கியிருக்கிறேன். கல்லை உருக்கி நூலாக இழுப்பார்களாமே, அது. சுருள்கள் கொட்டகையில் இருக்கின்றன. குளிர் இறங்குவதற்குள் பரணைச் சூடாக்கித் தர வேண்டும்.

கவனமாகப் படியுங்கள். வீட்டை இல்லை, பரணை. பஞ்சை மேலே கைமரங்களுக்கு நடுவில், கூரைத் தகட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். பரண் தரையில் வேண்டாம். சயாத் படுக்கும் அறைக்கு மேலே மட்டும் கொஞ்சம் போடுங்கள், மேலே எலி நடந்தால் அவனுக்குக் கேட்காத அளவுக்கு. அவனுக்கு லேசான தூக்கம். புகைபோக்கியைத் தொட வேண்டாம்.

ஏன் என்று கேட்பீர்கள். பரணில் வெங்காயம் வைத்திருக்கிறேன். உறைந்துபோகும்.

ஒரின்ஷா


கிழக்குப் பாதி
அக்டோபர் 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பணிக்காலத்தில் அமைச்சர்கள் போட்ட உத்தரவுகளைப் படித்திருக்கிறேன். அவற்றிலும் இத்தனை துணிச்சல் இருந்ததில்லை.

கைமரத்தில் பஞ்சு வைத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அடுப்பில் நீங்கள் போடும் நிலக்கரியின் சூடு அறையின் மச்சைத் தாண்டி ஏறிப் பரணில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே யார் இருக்கிறார்கள்? யாருமில்லை. ஆளில்லாத இடத்தைச் சூடாக்க ஒரு கிடேரி. கீழே மனிதர்கள் மேலங்கியோடு உட்கார்ந்திருப்பார்கள், மேலே வெங்காயம் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கும். பரண் தரையில் பஞ்சு போட்டால் சூடு மனிதர்களோடு தங்கும், பரண் குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்து கிடப்பதுதான் பரணின் தொழில்.

சத்தத்துக்கும் தரைதான் சரி. உங்கள் அலமாரி, என் இருமல், இரண்டும் அவரவர் பாதியிலேயே நின்றுவிடும். உறவு வளரும்.

வெங்காயத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். என் நிலவறையில் எவ்வளவோ இடமிருக்கிறது. கொண்டுவந்து வையுங்கள். உருளைக்கிழங்குக்குத் துணையாக இருக்கும்.

ஜுமாதில்


மேற்குப் பாதி
அக்டோபர் 10

சம்பந்தி,

அந்த வெங்காயம் அடுத்த ஆகஸ்டுக்கு முன்னால் உங்கள் வாசற்படியைத் தாண்டாது. வழக்கம் என்று எழுதினவர் நீங்கள்தான்.

சிரித்து முடித்துவிட்டு நான் சொன்னபடி செய்யுங்கள். அந்தப் பரணை எனக்குத் தெரியும். சமையலறைப் பக்கத்துக் கைமரத்தடியில் வடக்குக் காற்று நுழையும். நடுப்பலகையை மிதித்தால் கத்தும், ஓரப்பலகை கத்தாது. என் புருஷன் இருந்த காலத்தில் தரையில் மரத்தூள் கொட்டியிருந்தது. புகைபோக்கியில் முதுகைச் சாய்த்தால் விடியும்வரை சூடு இருக்கும். அவர் போனபிறகு மரத்தூளை அள்ளிப்போட்டுவிட்டேன், இனி எதற்கு என்று. அள்ளியிருக்கக் கூடாது.

கைமரத்தில் வையுங்கள், ஜுமாதில். கேட்டுக்கொள்கிறேன்.

ஒரின்ஷா


கிழக்குப் பாதி
நவம்பர் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வேலை முடிந்தது. நீங்கள் சந்தைக்குப் போயிருந்த இரண்டு நாளில், அறிவுரை எதுவும் காதில் விழாத சூழ்நிலையில், நிம்மதியாக முடித்தேன்.

தரையில்தான் போட்டிருக்கிறேன். கோபம் ஆறிய பிறகு நன்றி சொல்வீர்கள். கீழே ஈரம் ஏறாமல் ஒரு படலம், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் பலகை வைத்து ஆணி. மாப்பிள்ளை அறைக்கு மேலே இரட்டைப் பஞ்சு. அங்கே எலி என்ன, குதிரை நடந்தாலும் அவருக்குக் கேட்காது. புகைபோக்கியையும் மச்சிலிருந்து தகடுவரை சுற்றிக் கட்டிவிட்டேன். இனி அங்கே ஒரு சொட்டுச் சூடுகூட வீணாகாது. மிச்சமிருந்த துண்டை என் பக்கத்துப் பரண் மூடிக்கு உட்புறம் அடித்துக்கொண்டேன். கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பஞ்சுக்கு ஒரு குணம், எடுத்தவன் உடம்பில் ஒரு வாரம் தங்கும். கழுத்து, மணிக்கட்டு, முழங்கால் மடிப்பு எல்லாம் அரிப்பு. சோப்புப் போட்டுக் குளித்தால் இன்னும் அரிக்கிறது. கிடேரியின் சாபமாக இருக்கலாம்.

வேலை நடக்கும்போது மாப்பிள்ளை கீழேயிருந்து உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். "மாமா, நல்லா அமுக்கி வைங்க! எங்கம்மா கொறட்டை உங்க தூக்கத்தக் கெடுக்குதாமே!"

"அமுக்கினா பஞ்சு செத்துடும் மாப்பிள்ளே. அதுக்கு மூச்சு விட எடம் வேணும்."

"பஞ்சுக்குக் குடுக்குற மரியாதைய எனக்கு யாரு குடுக்குறா?" என்றார். நல்ல நகைச்சுவை உணர்வு. முழங்கால் சரியாயிருந்தால் மேலே வந்து உதவியிருப்பார். ஏணியில் ஒரு படிகூட ஏற முடியாது என்று அவரே வருத்தப்பட்டார்.

மர்ஜான் உங்கள் பக்கத்துப் பரண் மூடியைத் திறந்து தலையை நீட்டித் தேநீரும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகளும் கொடுத்தாள். மெலிந்திருக்கிறாள், கொஞ்சம் கவனியுங்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, இனி மேல சூடா இருக்குமா?"

"மேல எதுக்குடி சூடு? கீழ இருக்கற உங்களுக்குத்தான் சூடு. மேல இனி ஐஸ்பெட்டி."

புகைபோக்கியைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "சரிப்பா" என்று இறங்கிப் போனாள். வேலையின் தரத்தை இவ்வளவு கவனமாகச் சோதித்தவர்களை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

ஜுமாதில்


மேற்குப் பாதி
நவம்பர் 20

சம்பந்தி,

வீடு சூடாக இருக்கிறது. சயாத் பனியனோடு உட்கார்ந்து குடிக்கிறான். மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன்.

எல்லாச் சூடும் அவனிடமே இருக்கிறது. மேலே வாளியில் வைத்த தண்ணீர் ஒரு மணிநேரத்தில் கல்லாகிறது. முன்பு அப்படி ஆகாது.

கம்பளமும் என் புருஷனுடைய ஆட்டுத்தோல் கோட்டும் மேலே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். வெங்காயத்துக்குத்தான். போதவில்லை. புகைபோக்கியில் இருப்பதையாவது அவிழ்த்துவிடுங்கள். நான் அவிழ்க்கப் பார்த்தேன், கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள், என் விரலுக்கு அடங்கவில்லை. சத்தமில்லாமல் வேறு செய்ய வேண்டியிருக்கிறது.

ஏன் சத்தமில்லாமல் என்று இந்த ஒரு தடவை நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் எழுத முடியாது. அவன் நான் பெற்றவன். எந்தத் தாயும் எழுதமாட்டாள்.

ஒரின்ஷா


கிழக்குப் பாதி
டிசம்பர் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் புகாரின்பேரில் நேற்று என் பக்கமாகப் பரண் ஏறித் தணிக்கை செய்தேன். குறையொன்றுமில்லை. கூரைமேல் பனி ஓட்டையில்லாமல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சூடு ஒழுகாத வீட்டுக்கு அதுதான் அடையாளம். கீழ்த்தெருவில் எல்லார் கூரையிலும் பனி உருகித் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. நம்முடையதைக் காட்டி, யார் செய்தது என்று கேட்கிறார்கள். நான் அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெங்காயம் எதையும் காணவில்லை. பார்த்தது: கம்பளம் ஒன்று, கோட்டு ஒன்று, சுத்தமாகக் கழுவிய ஃபிளாஸ்க் ஒன்று, பெண்கள் தலையில் கட்டும் துணி ஒன்று. தங்கள் வெங்காயம் தேநீர் அருந்துமா? நான் நாகரிகமானவன், வெங்காயத்தின் அந்தரங்க வாழ்க்கையில் தலையிடுவதில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டு, மூடியைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

புகைபோக்கிக் கட்டை அவிழ்க்க மாட்டேன். தீ விபத்து வந்தால் பொறுப்பு கட்டினவனுடையது.

இன்னொன்று. அலமாரிக்கு ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. ஐந்து வாரமாக எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன். வாழ்த்துகள்.

ஜுமாதில்


கிழக்குப் பாதி
2018 ஜனவரி 21

சம்பந்தியம்மா,

பனி வெட்டும் வண்டி கரகண்டா வரை போக முயல்கிறது. ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மர்ஜானை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகு பனிப்புயல் சாலையை மூடிவிட்டது. எந்த வண்டியும் என்னை ஏற்றிக்கொள்வதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு நர்ஸ் பேசினாள். இடது காலில் பனிக்கடி, விரல்கள் கறுத்துவிட்டன, எடுக்க வேண்டியிருக்கும் என்றாள். முற்றத்தில் வழுக்கி விழுந்து மயங்கிவிட்டதாகத் தாளில் எழுதியிருக்கிறதாம். மயங்கியவள் விடியும்வரை முற்றத்தில் கிடந்தாளா? மூன்று பேர் இருக்கும் வீட்டில் யாரும் தேடவில்லையா? முற்றம் என் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. அன்று காலை பனியில் ஒரு தடமும் இல்லை. நான் பார்த்தேன்.

உங்கள் போனை மாப்பிள்ளைதான் எடுத்தார். "அம்மா அவகூட ஆஸ்பத்திரியில. அவ வழுக்கிட்டா மாமா, என்ன பண்றது" என்றார். அப்புறம், "சமைக்க ஆளில்ல மாமா. உங்க வீட்டுல சூப்பு ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

எங்கே இருந்தாள் என்று சொல்லுங்கள். அதை மட்டும் சொன்னால் போதும்.

ஜுமாதில்


கரகண்டா, ஆஸ்பத்திரி
ஜனவரி 23

ஜுமாதில்,

வெங்காயம் இல்லை.

தெரிந்துகொண்டே கேட்கிறீர்களோ என்னவோ, எழுதிவிடுகிறேன். அலமாரியும் இல்லை. எங்கள் வீட்டு அலமாரி சுவரில் அறைந்தது, ஒரு நாளும் நகர்ந்ததில்லை.

கல்யாணமான மாதமே ஆரம்பித்துவிட்டான். அவன் அப்பன் மாதிரியே, குடித்தால் கை நீளும். நான் நடுவில் போய் நிற்பேன். என்னைத் தள்ளிவிட்டு அவளிடம் போவான். செப்டம்பரில் ஒருநாள், "ஓடு, உங்கப்பா வீட்டுக்கு ஓடு" என்று நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். உப்போடு திரும்பி வந்தாள். "அப்பா வருஷம் முடியட்டும்னாரு அத்தை" என்றாள். உப்பை ஜாடியில் போட்டு மூடி வைத்தாள். 

அப்புறம்தான் பரண். அவன் ஏணி ஏற முடியாதவன், மேலே பார்க்கவும் தோன்றாது. குளியல் கொட்டகை, மாட்டுக்கொட்டில், தெரு எல்லாம் தேடிவிட்டு வந்து தூங்குவான். அவள் மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொள்வாள். அவன் அப்பன் காலத்தில் நான் படுத்த அதே இடம். புகைபோக்கியில் சாய்ந்துகொண்டால் குளிர் தெரியாது. அக்டோபர் வரை சமாளித்தோம். நடுக்கும் குளிர் வந்தால் தாங்காது என்றுதான் கிடேரியை விற்றேன். அவள் சூடாக இருக்க வேண்டும், அவள் அசைவது அவனுக்குக் கேட்கக் கூடாது. இந்த இரண்டும்தான் கேட்டேன். பஞ்சு இரண்டையும் செய்யும் என்று கடைக்காரன் சொன்னான்.

நேராக எழுதியிருக்கலாம் என்பீர்கள். எழுத உட்கார்ந்தேன். "என் மகன் உங்கள் மகளை" என்பதுவரை எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன். மறுதாளில் வெங்காயம் என்று எழுதினேன். படித்தவர், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

புயலடித்த அன்று அவன் தூங்கவில்லை. எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது. சமையலறையில் பரண் மூடிக்கு நேர்கீழே நாற்காலியைப் போட்டு, புட்டியோடு உட்கார்ந்துவிட்டான். "எறங்கித்தானே ஆகணும்" என்று சிரித்தான். நான் காலில் விழுந்தேன். "இருக்கட்டும்மா, மாமா பஞ்செல்லாம் போட்டிருக்காரு, சூடாத்தான் இருக்கும்" என்றான்.

உங்கள் பக்கத்துப் பரண் மூடியைப் பற்றி அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். "ரொம்ப ஆபத்துன்னா அந்தப் பக்கம் போ. அங்க வாசப்படி கிடையாது. மேலேருந்து எறங்கினா எந்த வழக்கமும் உடையாது. உங்கப்பாவுக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது" என்று. போயிருக்கிறாள். தட்டியிருக்கிறாள். கை மரத்துப்போகும்வரை தட்டினேன் என்கிறாள். மூடியில் தாழ்ப்பாள். மூடிக்கு அடியில் பஞ்சு.

கேட்டீர்களா என்று கேட்கமாட்டேன். கேட்டிருக்காது. வேலை சுத்தம் சம்பந்தி.

விடிந்து அவன் நாற்காலியிலேயே தூங்கிச் சாய்ந்த பிறகுதான் அவளை இறக்க முடிந்தது. மூன்று விரல்களை நேற்று எடுத்தார்கள். வழுக்கி விழுந்தாள் என்று எழுதச் சொன்னது நான்தான். அவன் நான் பெற்றவன். இதையும் நான்தான் எழுதுகிறேன். இரண்டும் ஒரே கை.

ஒரின்ஷா


கிழக்குப் பாதி
பிப்ரவரி 18

ஒரின்ஷா அவர்களுக்கு,

நீங்கள் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. ஜன்னலில் உங்கள் விளக்கைப் பார்க்கிறேன். கதவைத் தட்ட இருமுறை வந்தேன். மாப்பிள்ளை திறந்து, அம்மா தூங்குவதாகச் சொன்னான். பகல் பன்னிரண்டுக்கு நீங்கள் தூங்கி நான் அறிந்ததில்லை. அதனால் மறுபடி தபால்பெட்டி.

மர்ஜான் இங்கே இருக்கிறாள். வருஷம் முடியவில்லை, சீர் இல்லை, விருந்து இல்லை. வாசற்படியை அவள் மிதிக்கவில்லை, நானும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் தூக்கிக்கொண்டு வந்தோம். மிதிப்பதற்கு அந்தக் கால் இப்போதைக்கு ஆகாது. வழக்கம் காப்பாற்றப்பட்டது. கீழ்த்தெருவில் இதைப் பற்றிப் பேசுகிறார்களாம். கூரையைப் பற்றியும் பேசினார்கள்.

காவல் ஆய்வாளரிடம் போனேன். நல்லவர்தான், தேநீர் கொடுத்தார். "பரண்ல யாரு ஏத்துனா?" என்றார். அவளாகத்தான் ஏறினாள் என்றேன். "ஏணிய யாரு இழுத்தா?" அவள்தான். "தாழ்ப்பாள் யாரு போட்டா?" நான் என்றேன். பேனாவை மூடிவிட்டு, "அப்ப யாரு மேல புகார் எழுதறது மாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். அடித்ததைச் சொன்னேன். "பார்த்தீங்களா?" இல்லை. "கேட்டீங்களா?" என்றார். கேட்டது அலமாரி.

அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள். நேற்று அவளாக ஒன்று கேட்டாள்.

"அத்தை எங்கப்பா?"

"அங்கதான் இருக்காங்க."

"தனியாவா? அவருகூடயா?"

"அவரோடதான்."

"அவங்களுக்கு இப்ப ஏணி ஏற முடியாதுப்பா. ஆஸ்பத்திரி பெஞ்சுல படுத்ததுலேருந்து இடுப்பு வலி. அவங்க எங்க போவாங்க?"

 ஏணியை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

நான்கு நாள் வேலை. பஞ்சின்மேல் நான் அடித்த பலகைகளை உரித்துவிட்டேன். தரைப் பஞ்சை முழுவதும் எடுத்துக் கைமரங்களுக்கு நடுவில், தகட்டுக்கு அடியில் நிறுத்திவிட்டேன். சயாத் அறைக்கு மேலே மட்டும் கொஞ்சம் விட்டிருக்கிறேன், எலி நடந்தால் கேட்காத அளவுக்கு. புகைபோக்கியை அவிழ்த்துவிட்டேன். இரண்டு பக்கத்து அடுப்பும் எரிந்தால் பரண் நடுவில் சட்டையோடு உட்காரலாம். உட்கார்ந்து பார்த்தேன். நடுப்பலகை இப்போது கத்தாது. அடியில் கட்டை கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கம் படி அகலமான ஏணி ஒன்றை மேலிருந்தே இறக்கி வைத்திருக்கிறேன், கைப்பிடியோடு, இடுப்பு வலிக்காரர்களுக்கு ஏற்றது, லேசானது, ஏறியதும் இழுத்துக்கொள்ளலாம். என் பக்கத்து மூடியில் தாழ்ப்பாள் இல்லை, பஞ்சும் இல்லை. கழற்றியதை அடுப்பில் போட்டேன். பஞ்சு எரியவில்லை, கல்லல்லவா. வெளியில் எறிந்திருக்கிறேன்.

உங்கள் முதல் கடிதத்தில் கேட்டிருந்தபடியேதான் எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதமாட்டேன். அவன் நான் பெற்றவன் என்று பதில் வரும். பதில் எழுதாமல் வந்தால் நல்லது.

ஜுமாதில்


மேற்குப் பாதி
மார்ச் 4

சம்பந்தி,

கடிதம் கிடைத்தது. ஏணியைப் பார்த்தேன். நல்ல வேலை.

மர்ஜானுக்கு என் பழைய கம்பளிக் காலுறைகளை வேலிக்கம்பத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். இடது காலுறையின் நுனியைச் சின்னதாகப் பின்னிவிட்டேன்.

நேற்று இங்கே அலமாரியை நகர்த்தினோம். உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன், இப்போதுதான் தரையில் பஞ்சு இல்லையே. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன்.

இன்று பனியை வாரியடிக்கும் வெள்ளைக் காற்று வீசுகிறது. உங்கள் பக்கத்து மூடியைத் திறந்தே வையுங்கள். வெங்காயம் ஒன்று மிச்சமிருக்கிறது. பழசுதான். ஆனாலும் உறையும்.

ஒரின்ஷா